ஆசிரியர் இருக்கையில் அகதிப் பெண்

தந்தைக்கு மகன் பாடம் சொன்ன கதை தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சுவாமிமலை முருகனைத் ‘தகப்பன்சாமி’ என்றே மக்கள் அழைக்கிறார்கள். எருசலேம் ஆலயத்தில் 12 வயதுச் சிறுவன் இயேசு போதகர்கள் நடுவே அமர்ந்து அவர்களை வியக்கவைத்ததை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். சிறியோர் பெரியோருக்குக் கற்பிக்கலாம் என்பதை இக்கதைகளில் நம் மனம் எளிதாக ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சிறுவன் யார் என்பது கதை கேட்கும் நமக்கு முன்பே தெரியும் அல்லவா? ஆனால், ஊரை இழந்து, உறவை இழந்து, கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் வந்து நிற்கும் அயல்நாட்டுப் பெண் ஒருத்தி அந்த இருக்கையில் அமர்ந்தால், அதே மனத்தோடு கேட்போமா?

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. பிரிட்டன் போன்ற நாடுகளில் அண்மைக் காலத்தில் ஒரு பழக்கம் தோன்றியிருக்கிறது. பெருநிறுவனங்களின் உயர் அதிகாரிகள் மாதம் ஒருமுறையோ இருமுறையோ ஓர் அகதிப் பெண்ணைச் சந்திக்கிறார்கள். அவள் சொல்கிறாள்; அவர்கள் கேட்கிறார்கள். இதனைத் ‘தலைகீழ் வழிகாட்டல்’ என்கிறார்கள். வணிக உலகில் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜேக் வெல்ச். இணையம் புதிதாய்ப் பரவிய 1999-இல், தம் நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் ஏறத்தாழ 500 பேரை இளம் ஊழியர்களிடம் சென்று அதனைக் கற்றுக்கொள்ளுமாறு அவர் பணித்தார்.

அங்கே மாணவருக்குத் தம் குறை தெரிந்திருந்தது. கணினியின் முன் அமர்ந்தால் தமக்கு ஒன்றும் தெரியாது என்பதை அந்த அதிகாரி அறிவார். ஆகவே, பணிந்து கேட்டார். அகதிப் பெண்ணின் முன் அமரும் அதிகாரி எதைத் தம் குறையாக எண்ணுகிறார்? தமக்குக் குறை ஒன்றுமில்லை, அவளுக்கே எல்லாக் குறையும் என்று உள்ளூர நினைப்பாராயின், அவர் மாணவரல்லர். கற்றல் என்ற பெயரில் தருமம் செய்கிறவர்.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. புகலிடம் தேடி வருகிற பெண் தன் துயரக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாள்! முதல் விசாரணையில் ஒருமுறை, விரிவான நேர்காணலில் ஒருமுறை, வழக்கறிஞரிடம் ஒருமுறை, மனு தள்ளப்பட்டால் தீர்ப்பாயத்தில் மீண்டும் ஒருமுறை. தேதி ஒன்று மாறினாலும் பொய்யென்று ஐயுறும் காதுகளுக்கே அவள் சொல்லிப் பழகியவள். இப்போது குளிரூட்டிய அறையில் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் மேலதிகாரியும் அதே கதையைக் கேட்கிறார். அவர் கண் கலங்குகிறது, நெஞ்சம் நெகிழ்கிறது, இறுதியில் ஒரு புகைப்படம். அவர் எதையோ பெற்றுக்கொண்டு போகிறார். அவள் என்ன பெற்றாள்? எல்லாவற்றையும் இழந்தவளிடம் எஞ்சியிருந்தது அவளுடைய கதை ஒன்றுதான். அதையும் நாம் வாங்கிக்கொண்டோமா?

எனவே, எதைக் கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கற்பிப்பவளிடமே இருக்கவேண்டும். தன் காயத்தைக் காட்டுவதும் மறைப்பதும் அவள் விருப்பம். காயத்துக்கு அப்பால் அவளிடம் அறிவு இருக்கிறது. மருந்தாளராகவோ, கணக்கராகவோ, பள்ளி ஆசிரியராகவோ தன் நாட்டில் பல்லாண்டு உழைத்தவளாக அவள் இருக்கலாம். நிறுவனத்தின் கதவு எந்த இடத்தில் பூட்டியிருக்கிறது என்பது உள்ளே இருக்கும் தலைவருக்குத் தெரியாது; வெளியே நின்று தட்டியவளுக்குத் தெரியும். முன்பு வேலைபார்த்த இடத்திலிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்கள். அந்த அலுவலகமோ குண்டுவீச்சில் தரைமட்டமாகிவிட்டது. மூல ஆவணம் கேட்கிறார்கள். அது விட்டுவந்த வீட்டின் அலமாரியில் இருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏன் வேலை செய்யவில்லை என்று விண்ணப்பப் படிவம் கேட்கிறது. முகாமில் காத்திருந்தேன் என்று எழுத அதில் கட்டமில்லை. இவற்றைச் சொல்லித்தர அவளைவிடத் தகுதி வாய்ந்த ஆசிரியர் யார்?

வணிக உலகுக்கு அகதிப் பெண் கற்பித்த வரலாறும் உண்டு. 1939-இல், நாசிகளின் கொடுமைக்குத் தப்பி, யூதக் குழந்தைகளை ஏற்றிவந்த இரயில் ஒன்றில் வியன்னாவிலிருந்து இங்கிலாந்து வந்து சேர்ந்தாள் 5 வயதுச் சிறுமி ஒருத்தி. வளர்ப்புப் பெற்றோர் அவளை ஏற்றுக்கொண்டனர். பின்னாளில் ஸ்டெபனி ஷெர்லி என்று அறியப்பட்டவர் அவரே. 1962-இல் வெறும் 6 பவுண்டு முதலீட்டில் கணினி மென்பொருள் எழுதித்தரும் நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளை பெற்றதால் வேலையிழந்த பெண்கள் வீட்டிலிருந்தபடியே அங்கே பணிபுரிந்தனர். முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள். அவர் அனுப்பிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்ற ஆண்பெயரில் கையெழுத்திட்ட பிறகே கதவுகள் திறந்தன. வீட்டுக் குழந்தையின் அழுகை தொலைபேசியில் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையை நாடாவில் பதிந்து ஒலிக்கவிட்டார். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருள் அந்நிறுவனத்தில் உருவானது. அவர் 2025-இல் மறைந்தார். வீட்டிலிருந்தும் திறம்பட உழைக்கலாம் என்ற பாடத்தை வணிகத் தலைவர்கள் பலர் பெருந்தொற்றுக் காலத்தில்தான் கற்றார்கள். ஆசிரியையோ 1962-லேயே வந்து காத்திருந்தார்.

ஆயினும், இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வெற்றி பெற்ற அகதியைக் காட்டி, “இவர்களிடம் பயன் இருக்கிறது, ஆகவே மதியுங்கள்” என்று வாதிடுவது நியாயமாகாது. நிறுவனம் எதுவும் தொடங்காமல், மொழியும் முழுதாய்க் கைகூடாமல், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு காலம் கழிக்கும் முதியவளும் அதே மாண்புடையவள். பயனை அளந்து மதிப்புத் தருவது வணிகரின் கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்துவதே அவர்கள் கற்கவேண்டிய முதற்பாடம்.

கற்றலின் உண்மையை எப்படி அறிவது? ரூத்து ஆகமம் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. போவாசு வயல்களும் வேலையாள்களும் உடையவர். ரூத்து கதிர் பொறுக்க வந்த மோவாபிய நாட்டுக் கைம்பெண். அவளது கதையை அவர் முன்பே கேள்வியுற்றிருந்தார், மனமுருகிப் பாராட்டினார், இஸ்ரயேலின் கடவுளின் இறக்கையின்கீழ் அடைக்கலம் தேடி வந்தவளுக்கு அவரே கைம்மாறு அளிக்க வேண்டுமென்று வாழ்த்தினார். கூடுதலாய்ச் சில கதிர்கள் சிந்தும்படி ஆள்களிடம் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால், வாற்கோதுமை அறுவடையும் கோதுமை அறுவடையும் முடிந்தபின்னும் அவள் கதிர் பொறுக்குகிறவளாகவே இருந்தாள்.

பின்பு ஓரிரவு போரடிக்கும் களத்தில் ரூத்து பேசினாள். போர்வையைத் தன்மேல் விரிக்கும்படி அவரிடமே கேட்டாள். ‘போர்வை’ என்று நாம் வாசிக்கும் இடத்திலும், முன்பு ‘இறக்கை’ என்று வாசித்த இடத்திலும் எபிரேய மூலத்தில் இருப்பது ஒரே சொல். கடவுளின் இறக்கை உனக்கு நிழல் தரட்டும் என்று வாழ்த்தினீரே, அந்த இறக்கை நீர்தான் என்று அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பித் தந்தாள் அவள். போவாசு சினங்கொள்ளவில்லை. மறுநாள் நகர வாயிலுக்குச் சென்று, மூப்பர் 10 பேரை அமர்த்தி, ஊரறியத் தம் கடமையை ஏற்றார். கற்றதற்குச் சான்று அவருடைய கண்ணீரில் இல்லை. அந்தக் காலை நடையில் இருக்கிறது.

நேர்மையான கற்றலுக்கு விலை உண்டு. பணி செய்ய உரிமையுள்ள பெண்ணாயின், மற்ற ஆலோசகருக்குத் தருவதுபோல் அவளுக்கும் கட்டணம் தரப்படவேண்டும். அவள் சுட்டிய பூட்டு ஒன்றாவது திறக்கப்படவேண்டும். படிவத்தின் ஒரு வரியாவது மாறவேண்டும். பாடம் முடிந்தபின் எல்லாம் முன்போலவே இருக்குமாயின், அங்கே பாடம் நடக்கவேயில்லை.

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி 2024-இன் இறுதியில் எல்லை கடந்த அகதிகள் மட்டும் 4 கோடியே 27 இலட்சம் பேர். அவர்களுள் நம் மொழி பேசுவோரும் உண்டு. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தோர் தமிழ்நாட்டு முகாம்களில் தலைமுறை கண்டுவிட்டனர். 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்பது ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாறியது. அம்முகாம்களின் தாய்மாருள் சிலர் ஞாயிறுதோறும் நம்மோடு ஒரே பலிபீடத்தின் முன் முழந்தாளிடுகின்றனர். கடை வைத்திருப்போரும், ஆலை நடத்துவோரும், பள்ளித் தாளாளரும் நம் பங்குகளில் இருக்கிறோம். கிறிஸ்துமசுக்குச் சேலையும் அரிசியும் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எங்களுக்கு என்ன தெரியவில்லை என்று ஒருமுறையேனும் அவர்களிடம் கேட்டிருக்கிறோமா?