கைத்தது இனித்தல்: சுருட்டின் சுவையும் கற்ற இன்பத்தின் அறமும்

“பழகப் பழகப் பாலும் புளிக்கும்” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. இனியதொரு பொருளும் இடையறாத பழக்கத்தினால் தன் இனிமையை இழக்கும் என்பது அதன் கருத்து. இதற்கு நேர்மாறானதோர் அனுபவமும் மனித வாழ்விலே உண்டு. முதன்முறை நாவைக் கைக்கச் செய்து, கண்ணிலே நீரை வருவித்து, தலையைச் சுழலவைத்த ஒரு பொருள், பழகப் பழக இன்பந் தருவதாக மாறிவிடுகின்றது. சுருட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பிறந்த குழந்தை பாலை விரும்புவது இயற்கை. சுருட்டை விரும்புபவனாக எவனும் பிறப்பதில்லை. அவ்வாறாயின், அவ்விருப்பம் எங்ஙனம் தோன்றுகின்றது? முதற் சுருட்டிலே இன்பம் இல்லையெனின், இரண்டாவது சுருட்டை ஒருவன் எதன்பொருட்டு எடுக்கின்றான்? அவ்வாறு பெற்ற இன்பத்தை அவன் தன்னுடையது என்று கூறமுடியுமா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுருட்டு நமக்குப் புறம்பான பொருளன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துச் சுருட்டு தென்னிலங்கைச் சந்தையிலே நிலைபெற்றது. அங்குள்ள பட்டினங்களில் நம்மவர் நடத்திய கடைகள் ‘சுருட்டுக் கடை’ என்றே பெயர்பெற்றன. புகையிலைத் தோட்டத்தின் வருவாயிலும் சுருட்டுக் கொட்டிலின் கூலியிலும் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பல. ஆதலின் நம்மிடையே இப்பொருளைப் பற்றி எழுதுபவர் எவரும், மேடையில் நின்று அறிவுரை கூறும் தகுதி தமக்கு உண்டென்று எளிதிற் கருதிவிட முடியாது. கண்டிப்பதற்கு முன்னர் விளங்கிக்கொள்வதே முறையாகும்.

முதற்கண் உடலின் சாட்சியத்தை நோக்குவோம். சுருட்டின் புகை, சிகரெட்டின் புகையிலும் பார்க்கக் காரத்தன்மை மிகுந்தது. அதனால், புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவிடத்தும், வாயின் உட்தோல் வழியாகவே நிக்கொட்டின் குருதியைச் சென்றடைகின்றது. பழக்கமற்ற உடல் அந்நஞ்சை எதிர்க்கின்றது. குமட்டல், தலைச்சுற்று, குளிர்ந்த வியர்வை என்பன அவ்வெதிர்ப்பின் அடையாளங்கள். நாளடைவில் உடல் இணங்கிவிடுகின்றது. மூளை நிக்கொட்டினின் வருகைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. பின்னர் அது வாராதபோது ஒருவகை வெறுமையும் எரிச்சலும் தோன்றுகின்றன. சுருட்டின் இன்பம் என்பது இவ்வெறுமை நீங்குவதேயன்றி வேறன்று, இதில் மெய்யியலுக்கு இடமில்லை என்று சிலர் கூறுவர். இக்கூற்றிலே உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை இல்லை. நூறாவது சுருட்டை நிக்கொட்டினைக் கொண்டு விளக்கிவிடலாம். இரண்டாவது சுருட்டை அவ்வாறு விளக்க முடியாது. முதல்நாட் குமட்டலுக்கும் பின்னர் வரும் வேட்கைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை உடல் தானாகக் கடப்பதில்லை. மனமே உடலைக் கைபிடித்து அக்கரை சேர்க்கின்றது.

மனம் ஏன் அவ்வாறு செய்கின்றது? இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604ஆம் ஆண்டிலே புகையிலையைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். புதுமை மோகத்தினாலும் பிறரைப் பார்த்துச் செய்யும் இயல்பினாலும் தம் குடிமக்கள் இப்பழக்கத்தில் வீழ்ந்தனர் என்பது அவர் கூறிய குற்றங்களுள் ஒன்று. மன்னர் காரணத்தைச் சரியாகவே கண்டார். ஆயின் அதன் ஆழத்தைக் கண்டாரல்லர். ஒருவன் பிறனைப் பார்த்துச் செய்யும்போது அவன் விரும்புவது பொருளையன்று; அப்பொருளைக் கையில் வைத்திருக்கும் மனிதனையே. பேரன் கையிலே சுருட்டைக் கொடுத்து, அடுப்பிற் பற்றவைத்து வருமாறு பாட்டன் பணிப்பது நம் ஊர்களிலே ஒரு காலத்திற் சாதாரண நிகழ்ச்சி. நெருப்பு அணைந்துவிடாமல் இருக்கப் பேரன் வழியிலே ஒருமுறை இழுத்துப் பார்ப்பான், இருமுவான். அவன் வாயிற் பட்டது கைப்பு. அவன் மனத்திற் பட்டதோ வேறு: தோட்டத்து வேலை முடிந்து, கால்கழுவி, திண்ணையில் அமர்ந்த பாட்டனின் ஓய்வு, ஊர்க்கதை பேசும் உரிமை, எவருக்கும் பதில்கூற வேண்டாத அந்த அரைமணிநேரம். பாட்டிமாரும் சுருட்டுப் பத்திய வீடுகளிற் பேத்தியும் இதனையே கண்டிருப்பாள். இறந்தவர்க்கு இடும் படையலிலே அவர் விரும்பிய சுருட்டையும் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு மனிதரின் நினைவும் அவர் புகைத்த சுருட்டின் மணமும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துவிடுவதை அவ்வழக்கம் காட்டுகின்றது.

எனவே, சுருட்டின் முதல் இன்பம் சுருட்டிலிருந்து வருவதன்று. அது கடனாகப் பெற்ற இன்பம். பாட்டனிடமிருந்தும், நண்பரிடமிருந்தும், போற்றத்தக்கவர் என நாம் எண்ணும் பெரியோரிடமிருந்தும் அது கடனாகக் கிடைக்கின்றது. கடன் பெற்ற இன்பம் சொந்த இன்பமாக மாறுவது எப்படி என்பதை விளக்க, ஹவார்ட் பெக்கர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1953ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வு துணைசெய்யும். அவர் ஆராய்ந்தது கஞ்சா புகைப்போரை. புகைக்கும் முறையைக் கற்றல், அதன் விளைவை இனங்காணக் கற்றல், அவ்விளைவை இன்பமென்று கொள்ளக் கற்றல் என மூன்று படிகளை அவர் கண்டார். மூன்றாவது படியே முக்கியமானது. தலைச்சுற்று என்பது தன்னளவில் இன்பமுமன்று, துன்பமுமன்று. அதனை எவ்வாறு கொள்வது என்பதை அருகிலிருக்கும் கூட்டாளியே கற்பிக்கின்றான். “முதலில் அப்படித்தான் இருக்கும்” என்ற அவனுடைய ஒரு சொல், நோயின் அறிகுறியாக இருந்ததைத் தேர்ச்சியின் முதற்படியாக மாற்றிவிடுகின்றது. சுருட்டுக்கும் இது பெரிதும் பொருந்தும்.

இவ்வாறு கற்ற சுவை ஒரு கலையாகவும் வளர்தல் கூடும். கியூபாவின் மேற்கிலுள்ள வுவெல்ற்றா அபாகோ நிலத்தின் இலையை மற்ற நிலத்து இலையிலிருந்து பிரித்தறிபவர் உளர். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டிலே சுருட்டுச் சுவைஞருக்கெனத் தனிச் சஞ்சிகை ஒன்று தோன்றியது. அந்தப் பத்தாண்டிலே சுருட்டின் இறக்குமதி அங்கு பெருகியது. தோலின் மணம், தேவதாருவின் மணம், கொக்கோவின் கைப்பு, மிளகின் காரம் எனப் புகையை வருணிக்க ஒரு சொற்றொகுதியே வளர்ந்தது. இவையெல்லாம் வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடலாமா? டேவிட் ஹியூம் 1757ஆம் ஆண்டிலே சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டொன் கியோட்டே கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்தாள்கின்றார். ஒரே பீப்பாய்த் திராட்சைமதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் அதிலே தோலின் சுவை இருப்பதாகவும், மற்றவர் இரும்பின் சுவை இருப்பதாகவும் கூறினர். கேட்டோர் நகைத்தனர். பீப்பாயை வடித்தபோது, தோல்வாரிற் கோத்த பழைய திறவுகோல் ஒன்று அடியிலே கிடந்தது. பழகிய நா உண்மையையே அறிகின்றது என்பது ஹியூமின் முடிபு. சுருட்டுச் சுவைஞரின் நுண்ணறிவும் அத்தகையதாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வோம். எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஒரு பொருளின் கூறுகளைப் பிரித்தறியும் திறன் வேறு. அப்பொருள் விரும்பத்தக்கதா எனத் தீர்மானிக்கும் அறிவு வேறு. திறவுகோல் பீப்பாயில் இருந்தமை மெய். அதனால் அம்மதுவை அருந்துவது நன்று என்று ஆகிவிடாது.

இவ்விடத்தே நமது வினா கடினமாகின்றது. கடன் பெற்றது என்ற காரணத்தால் சுருட்டின் இன்பத்தை இழித்துரைப்போமாயின், நாம் உயர்வென மதிக்கும் இன்பங்களும் அவ்வாறே பெறப்பட்டவை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இசை பயிலத் தொடங்கும் சிறுவனுக்குச் சரளிவரிசை இனிப்பதில்லை. இலக்கணநூலின் முதற் பக்கங்கள் எவரையும் மகிழ்விப்பதில்லை. ஆசிரியர் மீதுள்ள அன்பினாலோ அச்சத்தினாலோ அவன் தொடர்கின்றான். இன்பம் பின்னரே வருகின்றது. மகிழவேண்டியவற்றில் மகிழவும் வருந்தவேண்டியவற்றில் வருந்தவும் இளமையிலேயே பழக்கப்படுதல்தான் முறையான கல்வி என, பிளேட்டோவைச் சான்றுகாட்டி அரிஸ்டோட்டில் கூறுவர். ஆகவே, நல்ல சுவையும் தீய சுவையும் ஒரே வாசல் வழியாகவே மனத்துட் புகுகின்றன. காவலாளி வாசலிலே நின்று இவற்றைப் பிரித்தறிதல் அரிது.

ஜோன் ஸ்ருவார்ட் மில் இதற்கொரு வழி கூறினார். இரு இன்பங்களையும் நன்கு அறிந்தவர்கள் எதனை விரும்பித் தேர்கின்றனரோ அதுவே உயர்ந்தது என்பது பயன்வழிக் கொள்கை பற்றிய அவரது நூலிற் காணப்படும் அளவை. சுருட்டின் முன்னே இவ்வளவை தளர்ந்துபோகின்றது. சுருட்டை நன்கு அறிந்த நடுவர் யார்? பலகாலம் புகைத்தவர். அவ்வாறாயின் வழக்கிலுள்ள பொருளே நடுவரின் உடலையும் மாற்றியமைத்துவிட்டது. கையூட்டுப் பெற்ற நீதிபதி தம் மனச்சாட்சிக்கு உண்மையாகவே தீர்ப்புக் கூறினும், அத்தீர்ப்பை நாம் ஏற்பதில்லை.

இதனைச் சிக்மண்ட் பிராய்டின் வாழ்க்கை துலக்கமாகக் காட்டுகின்றது. தந்தையார் புகைப்பவர், மகன் தமது இருபத்துநான்காம் வயதளவில் இப்பழக்கத்தைத் தொடங்கி, பின்னர் நாளொன்றுக்கு இருபது சுருட்டு வரை புகைத்தார். தமது உழைப்பாற்றலுக்குச் சுருட்டே துணையென அவர் கருதினார். 1894ஆம் ஆண்டளவில் இதயக்கோளாறு காரணமாக நண்பரான வைத்தியர் தடுத்தும், சிலகாலம் விட்டு மீண்டும் தொடங்கினார். 1923இல் வாயிலே புற்று காணப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்டார். 1939இல் இறக்கும்வரை வேதனை தொடர்ந்தது. அவ்வாண்டுகளிலும் அவர் சுருட்டை முற்றாகக் கைவிட்டாரல்லர். மனிதர் தம் ஆசைகளுக்குத் தாமே கூறும் காரணங்களை ஐயுறுவதற்கு உலகுக்குக் கற்பித்தவர் அவர். அத்தகையவராலும் தமது ஆசை ஒன்றை அவ்வையத்துக்கு இறுதிவரை உட்படுத்தி வெல்ல முடியவில்லை. இது அவரை இகழ்வதற்குரிய செய்தியன்று. கற்ற இன்பம் எந்த அளவுக்குக் கற்றவனையே ஆட்கொள்ளும் என்பதற்குரிய சான்று.

அவ்வாறாயின் நல்ல சுவையையும் தீய சுவையையும் எதனைக்கொண்டு பிரிப்பது? கடன் எவ்வாறு தீர்கின்றது என்பதைக்கொண்டு பிரிக்கலாம் என்பது எமது கருத்து. ஆசிரியர்பொருட்டு இசை பயின்றவன், ஒருநாள் இசையிலேயே ஒன்றைக் காண்கின்றான்; அது ஆசிரியரும் தலைவணங்கும் ஒன்று. அவன் ஆசிரியரிடம் எதனை வியந்தானோ அது உண்மையில் இசைக்குள்ளேயே இருந்தது. அன்று அவன் கடன் தீர்ந்தது. சுருட்டில் நிகழ்வது இதுவன்று. பேரன் வியந்தது பாட்டனின் ஓய்வை. அவ்வோய்வு சுருட்டிற் பிறந்ததன்று; பகல்முழுதும் செய்த உழைப்பிற் பிறந்தது. அவர் பெற்ற மதிப்பு வாழ்ந்த வாழ்விலிருந்து வந்தது. திண்ணைப் பேச்சின் இன்பம் அயலாரின் உறவிலிருந்து வந்தது. பேரன் கையிலே சுருட்டு வந்துசேர்ந்தது. ஓய்வும் மதிப்பும் உறவும் அதனோடு வரவில்லை. அவன் தேடியது கிடைக்காதவிடத்து, தேடாத ஒன்று அவனைப் பற்றிக்கொண்டது. கடன் தீரவில்லை, கடன்காரன் மட்டும் மாறிவிட்டான்.

இதிலிருந்து பெறப்படும் அறம் புகைப்பவனை நோக்கியதைவிட, அவனால் நோக்கப்படுபவரை நோக்கியதாகவே உள்ளது. பழக்கம் வேரூன்றிய பின் ஒருவனைக் குற்றங்கூறுதல் எளிது; ஆனால் அப்போது அவனது சுதந்திரம் குறைந்துவிட்டது. முதற் சுருட்டை எடுத்த நாளிலே அவன் சுதந்திரமாக இருந்தான். ஆயின் அன்று அவனிடம் தன் அனுபவம் இல்லை, பிறர்மேல் வைத்த நம்பிக்கையே இருந்தது. அந்நம்பிக்கைக்கு உரியவர் யாரோ அவரே பொறுப்பிற் பங்குடையவர். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதை நம் நாட்டிலே தடைசெய்தது. சட்டம் கடைவாசலைக் காக்க வல்லது. வியப்பின் வாசலைக் காக்க அதனால் இயலாது. வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் புற்றை விளைவிக்கும் பொருள் சுருட்டு என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. பாட்டன் அறியாது கொடுத்ததை நாம் அறிந்தே கொடுப்போமாயின், இரண்டும் ஒரே செயலாகா.

பல்கலைக்கழகமும் ஒருவகையிற் சுவைகளைக் கடன்கொடுக்கும் இடமே. விடுதியறையிலே மூத்த மாணவன் ஒருவன் எதனைக் கையில் வைத்திருக்கின்றானோ அது புதிதாய் வந்தவன் கண்ணுக்கு அறிவின் அடையாளமாகத் தோன்றுகின்றது. அது ஒரு நூலாகவும் இருக்கலாம். ஒரு சுருட்டாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். புதியவன் வேண்டுவது, தானும் அவ்வாறு சிந்திக்கவும் பேசவும் வல்லவனாதல் ஒன்றையே. எதனை எடுத்தால் அது கைகூடும் என்பதை அவன் அறியான், மூத்தவன் அறிவான். அறிந்தவன் எதனை நீட்டவேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.