தீங்கு செய்யாத பிழை

யாருக்கும் இதுவரை தீங்கு விளைவிக்காத ஒரு பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டுமா? இவ்வாறு எவரேனும் கேட்டால், திருத்தத்தான் வேண்டும் என்று உடனே விடை கூறிவிடுவோம். ஆனால் நம் அன்றாட நடைமுறை கூறும் விடை வேறு. வலி வந்த பின்னரே பல்லைக் கவனிக்கிறோம்; மழை ஒழுகிய பின்னரே ஓட்டை மாற்றுகிறோம்; உறவு முறிந்த பின்னரே பேசிய சொல்லை எண்ணிப் பார்க்கிறோம். கேடு வெளிப்படாத வரையில் பிழை நமக்குப் பிழையாகவே தோன்றுவதில்லை.

இக்கேள்விக்குத் தம் உழைப்பால் விடை கூறிய ஒரு சிறு குழுவினரைப் பற்றி எண்ணிப் பார்ப்போம். கணினி எதுவாயினும் அதனை நடத்துவதற்கு இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருள் வேண்டும். நாம் தட்டும் எழுத்தை வாங்குவதும், கோப்புகளைக் காப்பதும், அயலார் உள்ளே நுழையாமல் தடுப்பதும் அதன் பணிகள். பல இலட்சம் வரிகள் கொண்ட அந்நிரலை எழுதுவோர் மனிதர்களே. ஆகவே மனிதரின் மறதியும் அவசரமும் அதில் படிந்தே இருக்கும்.

1995ஆம் ஆண்டில் தியோ டி ராட் என்பவர் கனடாவின் கால்கரி நகரிலிருந்து ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயங்குதளப் பணியைத் தொடங்கினார். மறு ஆண்டு முதல், அப்பணியில் ஈடுபட்டோருள் ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரை சேர்ந்து, நிரல் முழுவதையும் கோப்பு கோப்பாகப் படித்துப் பிழை களையத் தலைப்பட்டனர். அவர்கள் வழியில் இரு தன்மைகள் நம் கருத்தைக் கவர்கின்றன. ஒரு பிழை கண்ணில் பட்டால் அதனை மட்டும் திருத்திவிட்டு அவர்கள் அப்பால் செல்லவில்லை. அதே தவறு வேறெங்கெல்லாம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று முழு நிரலிலும் தேடினர். அப்பிழை வழியே திருடன் நுழைய முடியுமா என்ற ஆராய்ச்சிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. பிழை என்பதே திருத்துவதற்குப் போதிய காரணம் என்று கொண்டனர். எழுத்துகளை நகலெடுக்கும் பழைய கட்டளைகள், ஒதுக்கிய இடத்தை மீறி வழிந்தோட இடங்கொடுப்பதை உணர்ந்து, இடத்தின் அளவைக் கேட்டறிந்தே நகலெடுக்கும் புதிய கட்டளைகளை 1998இல் அமைத்தனர்.

பெரும்பாலான திருத்தங்கள் ஓரிரு வரி மாற்றங்களே. எனினும், எளிய கவனக்குறைவு என்று அவர்கள் திருத்தி வைத்த சில பிழைகள், கணினிக்குள் அத்துமீறி நுழைய உண்மையிலேயே வழி தருபவை என்பது பல மாதங்கள் கழித்தே தெரியவந்தது. அதற்குள் அவர்கள் வீட்டில் அவ்வழி அடைபட்டிருந்தது.

2008இல் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. நினைவக ஒதுக்கீட்டு முறையை அவர்கள் மேலும் கண்டிப்பானதாக மாற்றியபோது, முன்பு ஓடிக்கொண்டிருந்த வேலை ஒன்று முறிந்தது. காரணத்தைத் தேடிச் சென்றபோது, யாக் என்னும் பழங்கருவியில் எல்லை தாண்டும் பிழை ஒன்று அகப்பட்டது. அது 1975ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே இருந்தது! முப்பத்து மூன்று ஆண்டுகள் அது வாளாவிருந்தது எப்படி? சூழல் அதனைப் பொறுத்துக்கொண்டதால்தான். தீங்கின்மை அப்பிழையின் குணமன்று. சூழல் காட்டிய தயவு. சூழல் மாறிய அன்றே அதன் இயல்பு வெளிப்பட்டது. நம் குறைகளுள் எத்தனை, அவற்றைப் பொறுத்துக்கொள்ளும் அன்னையாலும் மனைவியாலும் தோழராலும் தீங்கற்றவைபோல் தோன்றுகின்றன!

அப்படியாயின், பிழை என்று தோன்றும் அனைத்தையும் உடனே திருத்திவிடலாமா? இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. டெபியன் என்னும் மற்றோர் இயங்குதளத்தைப் பேணுவோர், 2006ஆம் ஆண்டில், இரகசியம் காக்கும் மென்பொருள் ஒன்றில் சோதனைக் கருவி குறைகூறிய வரியை நல்லெண்ணத்துடன் நீக்கினர். கணிக்க முடியாத எண்களை உருவாக்குவதற்கு அதுவே ஆதாரமாய் இருந்ததை உணரவில்லை. அதன் பின்னர் உருவான திறவுகோல்கள், வகை ஒன்றுக்கு ஏறத்தாழ 32,000 சாத்தியங்களுக்குள் சுருங்கி, எளிதில் ஊகிக்கத்தக்கவை ஆயின. 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, எண்ணற்றோர் தம் திறவுகோல்களை மாற்ற வேண்டியதாயிற்று. குறைகூறும் குரலை அடக்குவது வேறு. குறையை நீக்குவது வேறு. பிறர் எழுதியதைத் திருத்தப் புகுபவர், அவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோருக்கும், பணியாளரைத் திருத்தும் மேலாளருக்கும் இது பொருந்தும்.

திருத்துவோரும் தவறுவர். தொலைவிலிருந்து நுழைய இடம் தரும் ஓட்டை தம் இயங்குதளத்தின் இயல்பான அமைப்பில் ஐந்தாண்டுகளாக இல்லை என்று ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் பெருமையுடன் அறிவித்து வந்தனர். 2002இல் அத்தகைய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அவர்கள் அறிவிப்பை மறைக்கவில்லை. ஒன்று உண்டு என்று மாற்றி எழுதினர். 2007இல் மற்றொன்று வெளிப்பட்டபோது, இரண்டு என்று திருத்தினர். பெருமை பேசிய இடத்திலேயே தன் தவறையும் எண்ணிக்கையோடு எழுதி வைக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நேர்ந்த தீமையைத் துடைத்தவரை உலகம் போற்றுகிறது. நேராமல் தடுத்தவரை அறிவதே இல்லை. நேராத ஒன்றுக்கு யார் நன்றி கூறுவர்? நீர் திறக்குமுன் வரப்பில் நண்டுவளை அடைக்கும் உழவரை அவ்வழியே செல்பவர் நின்று பார்ப்பதில்லை. எனினும் பயிர் நிற்பது அவர் அடைத்த அந்தக் கைப்பிடி மண்ணால்தான். நம் இல்லத்திலும் பணியிடத்திலும் நாம் அடைக்கத்தக்க வளைகள் உண்டு. யாரும் குறைகூறாத, யாருக்கும் இன்னும் நோகாத பிழை ஒன்றை நாம் அறிந்தே விட்டுவைத்திருக்கிறோமா? இன்று அதனைத் தொடுவோம். அது ஏன் அங்கு வந்தது என்று முதலில் அறிவோம். பின்னர் அமைதியாகத் திருத்துவோம்.