ஒரு சொல்லும் ஒரு கேள்வியும்

ஒடென்ஸவில் பல்கலைக்கழகம் படிக்கும் மகள், சென்ற இலையுதிர்கால விடுமுறைக்கு வைலே வந்தபோது ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தாள். உயிர்க்கலங்களின் மரபணுக்களை மாற்றியமைத்து அவற்றைப் புதிய வேலைகளைச் செய்யவைக்கும் அறிவியலைப் பொதுமக்களுக்கு விளக்கும் பிரசுரம். வெவ்வேறு நாட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதி, அவரவர் மொழிகளில் பெயர்க்கிறார்கள். தமிழ் என் பங்குக்கு வந்தது.

தலைப்பிலேயே நின்றுவிட்டேன். 'செயற்கை உயிரியல்' என்பதா, 'தொகுப்பு உயிரியல்' என்பதா? இலங்கைப் பாடப்புத்தகத்தில் 'ஒளித்தொகுப்பு' படித்த எனக்கு இரண்டாவதுதான் இயல்பாக வருகிறது. ஆனால் செயற்கை என்றால் எங்கள் சனம் முகம் சுளிக்கும். தொகுப்பு என்றால் தலையாட்டும். முதல் வரியை வாசிக்க முன்னரே வாசகரை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறேன். விளக்குவது எங்கே முடிகிறது, இணங்கவைப்பது எங்கே தொடங்குகிறது?

இத்தகைய மாணவர் அணிகளை உலகளவில் கூட்டுவது ஐஜெம் என்ற போட்டி. 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு வகுப்பாகத் தொடங்கி, 2004இல் ஐந்து அணிகளின் போட்டியானது. சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் பங்கெடுத்திருக்கிறார்கள். ஆய்வுகூட வேலை மட்டும் போதாது. அது சமூகத்தில் என்ன செய்யும் என்று யோசித்ததையும் அணிகள் காட்டவேண்டும். நல்ல விதி.

2013இல் தென் டென்மார்க் பல்கலைக்கழக அணி, றப்பர் மரத்தின் மரபணுவை ஈகோலை பக்டீரியாவில் புகுத்தி இயற்கை றப்பரை உண்டாக்க முயன்றது. மகள் அதை உதாரணமாக அப்பம்மாவுக்குச் சொன்னாள். மாமி ஒரு காலத்தில் கேகாலையில் கடை வைத்திருந்தவர்.

"அப்ப பால் வெட்டுற சனம் என்ன செய்யும், பிள்ளை?"

"அது சும்மா ஒரு பரிசோதனை, அப்பம்மா. பக்டொரி ஒண்டும் இல்லை."

"இண்டைக்கு இல்லை. மழை பெய்தா வெட்டு இல்லை, வெட்டு இல்லாட்டிக் காசு இல்லை. அந்தக் கிழமை முழுக்க எங்கட கடன் கொப்பியிலதான் அவையின்ர சாப்பாடு."

மகள் மரபணு என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள். பொதுமக்களுக்கு அறிவியல் சொல்லும் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது: மறுத்துக் கேட்பவருக்கு விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்வது. மாமிக்கு மரபணு தெரியாதுதான். ஆனால் றப்பர் வருமானம் நின்றால் ஒரு லயத்தில் என்ன நடக்கும் என்பது தெரியும். பிரசுரம் எழுதியவர்களுக்கு அது தெரியாது. அந்த மேசையில் இரண்டு பேருக்கும் படிக்க இருந்தது.

இதற்காக ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை. பால்வெட்டு வாழ்க்கையைப் புனிதமாக்கவும் மாட்டேன். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் நாற்றுகளே இலங்கைக்கு வந்தன. அன்று அந்த மரமும் புதுமைதான். அதில் பால் வெட்டக் கொண்டுவரப்பட்ட தமிழ்ச் சனத்திடம் எவரும் எதையும் கேட்கவில்லை. தொடங்கும்போது கேட்காதவர்கள் முடிக்கும்போதும் கேட்காமல் விட்டால், அது இரண்டாவது அநியாயம்.

கேட்பது எப்படி என்று இந்த நாட்டுக்குத் தெரியும். 1987இல் டென்மார்க்கின் தொழில்நுட்பச் சபை, மரபணுத் தொழில்நுட்பம் பற்றிச் சாதாரண குடிமக்களைக் கூட்டியது. அவர்கள் நிபுணர்களைக் கேள்வி கேட்டார்கள். முடிவறிக்கையையும் அவர்களே எழுதினார்கள். எங்கள் ஆட்கள் அகதிகளாக இங்கே வந்திறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எங்களிடம் அப்போது மொழி இருக்கவில்லை. பிள்ளைகளிடம் இப்போது இருக்கிறது.

கடைசியில் 'செயற்கை' என்றே எழுதினேன். சுளிக்கிற முகம் கேள்வி கேட்கும். தலையாட்டுகிற முகம் கேட்காது. பின்பக்கத்தில் வாசகர் கேள்விகளுக்கு இடம் விட்டு, மாமியின் கேள்வியை முதலாவதாகப் போட்டோம். அதை மற்ற மாணவர்களுக்காக டெனிஷில் எழுத உட்கார்ந்த மகளுக்கு 'பால் வெட்டுதல்' என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பேனையை வைத்துவிட்டு அப்பம்மாவிடம் போய், எந்த நேரத்தில் வெட்டுவார்கள், எப்படி வெட்டுவார்கள் என்று கேட்கத் தொடங்கினாள்.