படம் பொய் சொல்லுமா?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் புகைப்படம் வந்த நாள்தொட்டு அவ்வாக்கைச் சற்று மறந்தே வாழ்ந்திருக்கிறோம். "படம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அத்துடன் வழக்கு முடிந்துவிடும். கமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது நம் நம்பிக்கை.

இன்று அந்த நம்பிக்கை ஆட்டங் கண்டுள்ளது. முன்னர் ஸ்ரூடியோக்காரர் இருட்டறைக்குள் செய்த வேலையை இன்று பள்ளிக்கூடப் பிள்ளை கைத்தொலைபேசியிலேயே செய்துவிடுகிறது. பின்னணியை மாற்றுவது, நின்றவரை அகற்றுவது, நில்லாதவரைச் சேர்ப்பது யாவும் சில நிமிட வேலை. பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் நம் இளைஞர் பலர் இவற்றை ஆர்வத்துடன் பரீட்சித்துப் பார்க்கின்றனர். பெற்றோரில் சிலர் இதை முற்றாகக் கண்டிக்கின்றனர். வேறு சிலர் கவனிப்பதே இல்லை. இவ்விரண்டும் சரியல்ல. இது எப்போது குற்றமாகிறது என்பதை நாம் நிதானமாகச் சிந்திக்கவேண்டும்.

மனிதர் கை படாத படம் என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. எங்கே நிற்பது, எதைப் படத்துக்குள் எடுப்பது, எதை விடுவது என்பவற்றை எடுப்பவரே தீர்மானிக்கிறார். கறுப்பு வெள்ளைப் படம் உலகின் நிறங்களையே நீக்கிவிட்டது. அதைப் பொய் என்று எவரும் சொல்லவில்லை. 1857ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒஸ்கார் றெயிலாண்டர் என்பவர், நல்வழிக்கும் தீவழிக்கும் இடையில் நிற்கும் இளைஞரைக் காட்ட, முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவ்களை இணைத்து ஒரே படமாக்கினார். ஆகவே கணினியைக் குறைகூறிப் பயனில்லை.

அப்படியானால் பொய் எங்கே பிறக்கிறது? 1917ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் கொட்டிங்லி என்ற கிராமத்தில் எல்சி, பிரான்சிஸ் என்னும் ஒன்றுவிட்ட சகோதரியர் இருவர், எல்சியின் தகப்பனாரின் கமராவை இரவல் வாங்கினர். சிறகுள்ள குட்டித் தேவதைகளை அட்டையில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசிகளால் செடிகளிடையே நிறுத்திப் படம் பிடித்தனர். வீட்டாரைப் பகிடி பண்ணும் சிறுமியர் விளையாட்டு அது. ஆனால் படம் ஊர் தாண்டிப் போயிற்று. ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆதர் கொனன் டொயில் அதை உண்மையென நம்பி, 1920இல் சஞ்சிகையில் பிரசுரித்தார். அவ்வளவு பெரிய மனிதர் நம்பிய பின்னர் உண்மையைச் சொல்ல அவர்களுக்கு வெட்கம். 1983ஆம் ஆண்டு, தள்ளாத வயதிலேயே அட்டை வெட்டிய கதையை ஒப்புக்கொண்டனர்.

அந்தப் படத்தின் நெகற்றிவைப் பரிசோதித்த நிபுணர், அதில் ஒட்டு வேலை எதுவும் இல்லையென்றார். அது உண்மைதான். கமரா தன் முன்னே இருந்ததையே பதிந்தது. பொய் படத்தில் இருக்கவில்லை. 66 ஆண்டு மௌனத்தில் இருந்தது.

பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய புனித அகுஸ்தீனார், பகிடிப் பேச்சைப் பொய்களின் கணக்கில் சேர்க்கவில்லை. கேட்பவருக்கு அது பகிடி என்று தெரியும். ஏமாற்றும் எண்ணம் அங்கில்லை. இதுவே நமக்கும் அளவுகோல். படத்தில் எவ்வளவு மாற்றினோம் என்பதல்ல கேள்வி. அதைப் பெறுபவர் எதுவென்று நம்பிப் பெறுகிறார் என்பதே கேள்வி.

இந்த அளவுகோலை நம் வீடுகளில் வைத்துப் பார்ப்போம். வெளிநாட்டிலுள்ள மகனைப் பெற்றோரின் பொன்விழாப் படத்தில் சேர்ப்பது அன்பின் செயல். அவன் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மகளின் நிறத்தை வெளுக்கச் செய்து மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்புவது பொய். அவர்கள் அதை அவளின் முகமென்றே நம்புகின்றனர். இறைவன் தந்த முகம் போதாது என்று பெற்றவர்களே பிள்ளைக்குச் சொல்வது அதனிலும் கொடிது. ஒருவரின் முகத்தை வேறோர் உடலில் பொருத்தி அவமானப்படுத்துவதோ அயலவரின் நற்பெயரைத் திருடுவதாகும். திருடிய பொருளைப் போலவே கெடுத்த பெயரையும் மீட்டுக் கொடுக்கவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. பாவசங்கீர்த்தனத்துடன் மட்டும் அக்கடமை தீராது.

இன்னொரு விடயம் நமக்கு மிக நெருங்கியது. போரிலும் இடப்பெயர்விலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் அல்பங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இறந்தவரின் அடையாள அட்டைப் படம் ஒன்றே சிலரிடம் எஞ்சியிருக்கும். அதிலுள்ள கீறலையும் கறையையும் ஓர் இளைஞன் பொறுமையுடன் நீக்கிக் கொடுத்தால் அது இரக்கச் செயலே. 2011ஆம் ஆண்டு ஜப்பானியச் சுனாமியின் பின்னர், சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் கழுவியும் கணினியில் சீர்செய்தும் உரியவர்களிடம் சேர்த்தனர்.

ஆனால் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் செய்வது இதுவன்று. அழிந்துபோன கண்ணை அவை மீட்பதில்லை. தாம் பயின்ற எத்தனையோ முகங்களைக் கொண்டு ஒரு கண்ணை ஊகித்து வரைகின்றன. படம் பளிச்சென்று இருக்கும். அப்பாச்சியைப் போலவும் இருக்கும். ஆனால் அது அப்பாச்சி அல்ல. அவரைக் காணாத பேரப்பிள்ளை அந்நிய முகமொன்றைத் தன் அப்பாச்சியாக மனத்தில் பதித்து வளரும்.

துயரப்படுபவருக்கு ஆறுதல் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். கொனன் டொயில் 1918ஆம் ஆண்டு தம் மகனை இழந்தவர். துயரம் மனிதரை எதையும் நம்ப ஆயத்தமாக்கும். ஆகவேதான் துயரப்படுபவரிடம் நாம் இருமடங்கு நேர்மையாக இருக்கவேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டு கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் ஏந்தியவை தம் பிள்ளைகளின் படங்களே. அவை நினைவுப் பொருள்கள் மட்டுமல்ல, சாட்சியங்கள். அழகுபடுத்துவதாக எண்ணி அத்தகைய படத்தை மாற்றி, மூலத்தையும் தொலைத்துவிட்டால், "இது திருத்திய படம்" என்று நாளை ஒருவர் தள்ளிவிட நாமே வழி செய்தவராவோம். பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கற்பனை, மெய்ச்சாட்சியைக் காக்கும் கடமையையும் நம்மீது சுமத்துகிறது.

ஆகவே இளைஞர் தாராளமாகப் பரீட்சித்துப் பார்க்கட்டும். மூலப்படத்தை அழியாமல் வைத்திருக்கட்டும். படத்திலுள்ளவரின் சம்மதத்தைக் கேட்கட்டும். சேர்த்ததையும் நீக்கியதையும் படத்தின் பின்புறத்திலோ அடியிலோ ஒரு வரி எழுதி வைக்கட்டும். இன்று எல்லாரும் அறிந்த ஒட்டுவேலையை ஐம்பது ஆண்டின் பின்னர் அறிந்தவர் இருக்கமாட்டார். அந்த ஒரு வரியை எழுத மனம் கூசுமானால், அப்படத்தைச் செய்யாது விடுவதே நன்று.