புனிதத் தலமும் வன உயிரும்

காட்டைக் கடவுளின் இடம் என்று கருதுவதால் அங்குள்ள உயிர்கள் காக்கப்படுகின்றனவா, அங்கே செல்பவர் ஏற்கும் விரதத்தால் காக்கப்படுகின்றனவா என்பது பழைய கேள்வி. கோயிலும் காடும் ஒட்டியிருக்கும் இலங்கையில் இதற்குச் சான்றுகள் உண்டு.

முதலாவது, அநுராதபுரத்துக்குக் கிழக்கேயுள்ள மிகிந்தலை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மன்னன் தேவநம்பிய தீசன் அங்கே மான் வேட்டைக்குப் போனபோது பௌத்தத் துறவி மகிந்த தேரரைச் சந்தித்தான் என்கிறது மகாவம்சம். அசந்திருக்கும் மானை எய்வது முறையன்று என எண்ணி, மன்னன் முதலில் நாணொலி எழுப்பினான் என்றும் அது சொல்கிறது. வேட்டைக்கும் ஒரு நெறி இருந்தது. பௌத்தம் அந்த நெறியைக் கொல்லாமைவரை நீட்டியது. இன்று அம்மலைப் பகுதி ஒரு சரணாலயம்.

இரண்டாவது, கதிர்காமம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வேடர்களும் உரிமை கொண்டாடும் இத்தலத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பாதயாத்திரை, குமண, யால தேசியப் பூங்காக்களின் வழியே செல்கிறது. யானையும் சிறுத்தையும் உலவும் அதே யாலவுக்கு உல்லாசப் பயணிகள் ஜீப்பில் வருகிறார்கள். இருவரும் காண்பது ஒரே காடு. ஆனால் யாத்திரிகர் புலால் நீக்கி, நடந்து, வழியின் துன்பத்தையும் வழிபாடாக ஏற்கிறார். பயணியோ கட்டணம் செலுத்திவிட்டுக் காட்சியை எதிர்பார்க்கிறார்.

இலங்கைக்கு அப்பால், தமிழ்நாட்டில் நாமகிரிப்பேட்டையை அடுத்து எழும் கொல்லிமலையிலும் இதையொத்த வழக்கம் உண்டு. அறப்பளீசுவரர் கோயிலருகே ஓடும் ஐயாற்று மீன்களைத் தெய்வமாகக் கருதிப் பக்தர்கள் இரையிடுவர். அறுபட்ட மீன் மீண்டும் பொருந்தி நீந்தியது என்பது தலக்கதை. ஆற்றின் அந்தப் பகுதியில் தூண்டில் விழாமல் காப்பது இந்த நம்பிக்கையே.

வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். யாத்திரை என்பதும் சில நாள் துறவுதான்: உணவிலும் வசதியிலும் விருப்பத்திலும் தன்னைக் குறைத்துக்கொள்ளுதல். அந்தக் குறைப்புதான் காட்டுக்கு இடம் விடுகிறது. விரதம் தளர்ந்து கூட்டம் மட்டும் மிஞ்சினால், புனிதப் பாதையிலும் பிளாஸ்டிக் குவியும். அருவிக்கரையிலும் மதுப்புட்டி உடையும். அப்போது சட்டமும் வனத்துறையும் தேவைப்படுகின்றன.

ஆகவே உயிர்களைக் காப்பது இடத்தின் புனிதம் மட்டுமன்று, வருபவரின் அடக்கமே. அந்த அடக்கத்தோடு வரும் உல்லாசப் பயணியும் யாத்திரிகரே.