சுமையின் அளவு

பெங்களூரு சிவாஜிநகரில், 1927-இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டின் முன்பு காலை வேளையில் சற்றே நின்று பாருங்கள். தலையில் சும்மாடு வைத்து, மூட்டை சுமந்து ஒருவர் விரைவார். அதே தெருவில் புத்தகப் பையின் கனத்தால் முன்குனிந்தபடி ஒரு சிறுமி பள்ளிக்குச் செல்வாள். தங்கள் சுமையின் எடையை நிர்ணயித்தவர்கள் இவ்விருவரும் அல்லர்.

மலைப்பயணம் செல்பவர் நிலை வேறு. தம் பையைத் தாமே கட்டுகிறார். ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, பல நாள் பயணத்திற்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது அனுபவசாலிகளின் பொதுக்கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. ஆனால் உடல் பருமன் வேறு, உடல் வலிமை வேறு. வயது, பழக்கம், முழங்காலின் நிலை, பாதையின் ஏற்றம் ஆகியவற்றையும் கருத வேண்டும். பையைச் சுமந்து ஒரு மணி நேரம் நடந்து பார்த்தால் உடலே உண்மையைச் சொல்லிவிடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்த்தவையே பெரும்பாலும் பையைக் கனக்கச் செய்கின்றன. அது அச்சத்தின் எடை. மயிலிறகும் அளவு மீறினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று 'வலியறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார்.

தன் சுமையில் தவறினால் தன் தோள் வலிக்கும், திருத்திக்கொள்ளலாம். பிறர்மீது ஏற்றுகையில் தவறினால் நமக்கு எதுவும் வலிப்பதில்லை. ஆகவே அங்குதான் அறம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 1989-இல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் பள்ளிப் பையின் கனம் குறித்துப் பேசினார். 1993-இல் யஷ்பால் குழு 'சுமையற்ற கல்வி'யை வலியுறுத்தியது. 2019-இல் கர்நாடக அரசு, பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என ஆணையிட்டது. முதலிரு வகுப்புகளுக்கு உச்சவரம்பு 2 கிலோ. ஆணை வந்தபின்பும் பையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய கை நம்முடையதே.

நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டனர். கருவுற்ற நிலையில் மறைந்த பெண்களின் நினைவாக அவற்றை அமைத்தனர். இறக்கிவைக்க முடியாமல் போன ஒருத்தியின் சுமையை எண்ணி, முகமறியாத வழிப்போக்கரின் பாரத்தை இறக்க இடம் தந்தனர். தோளுயரத்தில் நின்ற அக்கல்லில், பிறர் உதவியின்றியே சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் இயலும்.

நம் சுமையை உண்மையால் அளப்போம்; பிறர் சுமையைக் கருணையால் அளப்போம். இன்று மாலை, வீட்டுக் குழந்தையின் பையை ஒருமுறை நம் தோளில் மாட்டிப் பார்ப்பதே அதற்கு நல்ல தொடக்கம்.