உதிர்ந்ததும் பறித்ததும்

சந்தவாசலை ஒட்டிய சவ்வாது மலையடிவாரத்தில் காட்டுச் சேவலின் கழுத்திறகு ஒன்று உதிர்ந்து கிடந்தது. மெழுகுத் துளி சிந்தியதுபோல் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள்.

இதற்காகச் சீமையில் ஏங்கிக் கிடந்தவர்கள் உண்டு. சால்மன் மீன் பிடிக்கும் தூண்டில் முள்ளில் இப்படிப்பட்ட இறகுகளைப் பூச்சிபோல் கட்டுவது அவர்கள் கலை. 1902-இல் வெள்ளையர் அரசே இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. 1972-இல் வனவிலங்குச் சட்டமும் வந்தது. ஆசை அடங்கியதா? 2009-இல் அந்தக் கலையில் தேர்ந்த ஓர் இளைஞன், இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைகளைத் திருடினான்.

முட்டையிட ஆற்றில் ஏறும் சால்மன் இரை தேடுவதே இல்லை. எரிச்சலில் கவ்வுகிறது என்கிறார்கள். சாயம் தோய்த்த நாட்டுக்கோழி இறகே அதற்குப் போதும். அப்படியானால் அந்த அழகு யாருக்கு? கட்டுகிறவனுக்குத்தான்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உறவுக்காரி ஒருத்தி என்னிடம் அழுது சொன்னதை அப்படியே கதையில் வைத்தேன். வாசகர்கள் புகழ்ந்தார்கள், அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கற்பனைத் துயரமே வாசகருக்குப் போதுமாயிருந்திருக்கும். அசல் துயரம் எனக்குத்தான் வேண்டியிருந்தது.

உதிர்ந்ததை எடுப்பதில் பாவமில்லை என்று குனிந்தேன். உதிர்ந்தது என்று சொல்லித்தானே பறித்ததும் விலை போகிறது? இறகை விட்டுவிட்டு நடந்தேன். அவள் வீட்டுப் படியேறத்தான் இன்னும் கால் வரவில்லை.